கோடாலிக்கு வேண்டியது பலமா, பக்குவமா?



“விறகைப் பற்றி எழுத வந்துவிட்டாரே இந்த வாத்தியார்! வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு இருப்பது இவருக்குத் தெரியாதா?” என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். தெரியும் ஐயா, நன்றாகவே தெரியும். எங்கள் வீட்டிலும் கேஸ் அடுப்புதான். ஆனால் கோயில் திருவிழாவுக்கு அண்டா ஏற்றும்போது கேஸ் தோம்பு போதுகிறதா? கல்யாண வீட்டில் முந்நூறு பேருக்குச் சோறு வடிக்க வேண்டுமானால் கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல் வைத்து விறகுதானே எரிக்கிறோம்? பொங்கல் பானைக்கும் தீமிதிக்கும் விறகு. மாதக் கடைசியில் கேஸ் தீர்ந்து, சம்பளம் வர இன்னும் நான்கு நாள் இருக்கும்போது, பின்கட்டில் இருக்கும் பழைய மண் அடுப்பை மூட்டி மானத்தைக் காப்பாற்றுகிற தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே விறகுக்கு இன்னும் வேலை இருக்கிறது. விறகு பிளக்கத் தெரிந்தவர்கள்தாம் குறைந்துவிட்டார்கள்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு எங்கள் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், மழைக்காற்றில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது. சாலையை மறைத்துக் கிடந்த மரத்தைச் சங்கிலி ரம்பத்தால் துண்டு போட்டு ஓரமாக உருட்டிவிட்டார்கள். திருவிழாவுக்கு விறகு ஆயிற்று என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டு இளைஞர்கள் நாலைந்து பேர் கோடாலியோடு போனார்கள். “யார் ஒரே அடியில் பிளப்பது?” என்று பந்தயம் நடந்தது. நல்ல உடற்கட்டுள்ள ஒரு தம்பி ஓங்கி அடித்தான். கட்டை பிளக்கவில்லை. கோடாலி வழுக்கிக்கொண்டு போய், ஜப்பான் சிலிப்பர் போட்டிருந்த அவன் காலில் இறங்கியது.

உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இரண்டு மாதம் அவனால் செம்பனைக் குலை வெட்டப் போக முடியவில்லை. குத்தகைக்காரரிடம் நாள் கூலிக்கு வேலை செய்கிறவன். வேலைக்குப் போனால்தான் காசு. அந்த வீட்டில் தாயார் ஒருவர், படிக்கிற பிள்ளைகள் இருவர். அந்த இரண்டு மாதமும் அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை நான் விரிக்கத் தேவையில்லை. இதைப் படிக்கிற உங்களுக்கே தெரியும்.

அவன் தங்கை எங்கள் பள்ளியில் படிக்கிறாள். ஒரு நாள் அவள் என்னிடம், “சார், எங்க அண்ணன் நல்ல பலசாலிதானே? அப்புறம் ஏன் கட்டை பிளக்கல?” என்று கேட்டாள். நல்ல கேள்வி! அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பதிலைத்தான் இந்த மாதம் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

நம்மை வளர்த்த விறகு

முதலில் நமக்கு நன்கு பழக்கமான மரத்திலிருந்து தொடங்குவோம். 1877ஆம் ஆண்டில் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்து சேர்ந்தன. அதன் பிறகு நம் பாட்டன் பூட்டன் கதையெல்லாம் அந்த மரத்தடியில்தானே நடந்தது! பால்மரம் உயிரோடு இருந்தவரை பால் கொடுத்தது. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் வற்றியதும் மறுநடவுக்காகச் சாய்த்தார்கள். சாய்ந்த மரம் நம் லயத்து அடுப்புகளில் எரிந்தது. புகைக்கூடத்தில் ரப்பர்த் தகடுகளைக் காயவைத்ததும் அதே விறகுதான். செங்கல் சூளைகளுக்கும் அதுவே போனது.

ஒரு காடு மறுநடவுக்கு விழுந்தால் லயமெல்லாம் கலகலவென்று இருக்கும். பால்வெட்டு முடிந்து வந்த கையோடு ஆண்களும் பெண்களும் பாராங்கும் கோடாலியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் விறகு அடுக்கு கூரையைத் தொடும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

பிறகு காலம் மாறியது. ரப்பர்ப் பலகையில் பூச்சியும் பூசணமும் விரைவில் ஏறும் என்பதால் முன்னர் அதைத் தச்சு வேலைக்கு யாரும் சீந்தவில்லை. கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகத்தார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதற்குப் போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திப் பயன்படுத்தும் முறைகளை வகுத்தார்கள். 1980களில் ரப்பர்ப் பலகை நாற்காலியும் மேசையுமாகக் கப்பலேறத் தொடங்கியது. நாம் விறகென்று எரித்த மரம் விலைச் சரக்கு ஆயிற்று! மறுநடவுக் காட்டு மரம் மரவாடிக்குப் போகத் தொடங்கியது. லயத்துக்கு மிஞ்சியது கிளைகளும் வேர்க்கட்டையும்தான்.

அதோடு பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனை பெயருக்குத்தான் மரம். தென்னையைப் போல அதுவும் நாரும் சோறுமாக, நீர் நிறைந்த தண்டு. அதைப் பிளந்து விறகாக்க நினைப்பது வீண் வேலை. காய்வதற்குள் மக்கிவிடும். ஆகவே இன்று நம் கைக்குக் கிடைப்பவை எவை? சாலையோரம் சாய்ந்த தூங்குமூஞ்சி, டவுனில் வெட்டிப் போட்ட அங்சானா, வீட்டுக் கொல்லையில் பட்டுப்போன மாமரம், பலாமரம், எங்கேயோ மிஞ்சிய பால்மரத்து அடிக்கட்டை. இவற்றில் பெரும்பாலானவை முரட்டுக் கட்டைகள். நம் தாத்தாமார் பால்மரத்தை அடித்த மாதிரி இவற்றை அடித்தால் கோடாலிதான் துள்ளும்.

சீவிய கூந்தலும் பின்னிய சடையும்

மரம் என்பது என்ன? நீளவாக்கில் கட்டி வைத்த நார்களின் கட்டு. விளக்குமாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஈர்க்குகளைக் குறுக்கே முறிப்பது கடினம்; ஈர்க்குக்கும் ஈர்க்குக்கும் இடையில் கையை விட்டுப் பிரிப்பது எளிது. கோடாலி செய்வதும் அதுதான். அது நாரை வெட்டுவதில்லை; நாருக்கு இடையே புகுந்து விலக்குகிறது.

நேரான நாருள்ள மரம் சீவிய கூந்தல் மாதிரி. சீப்பு சரசரவென்று இறங்கும். பச்சைப் பால்மரம் பெரும்பாலும் அப்படித்தான். தூங்குமூஞ்சி, அங்சானா, கெம்பாஸ் போன்ற மரங்களில் நார் ஓர் அடுக்கில் இடப்பக்கம் சாய்ந்து வளரும். அடுத்த அடுக்கில் வலப்பக்கம் சாயும். மறுபடி இடம், மறுபடி வலம். அது பின்னிய சடை! சடையில் சீப்பை வைத்து எவ்வளவு பலமாக இழுத்தாலும் இறங்குமா? தலைதான் வலிக்கும். சடையைப் புரி புரியாகப் பிரிக்கத்தான் வேண்டும்.

அந்தப் பிள்ளையிடம் இதைத்தான் சொன்னேன்: “உன் அண்ணனுக்குப் பலம் போதாமல் இல்லையம்மா. அவன் சடையில் சீப்பை இறக்கப் பார்த்தான்.” அவள் தன் சடையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். புரிந்துவிட்டது.

கட்டையைக் கையில் எடுத்ததும் அடிக்காதீர்கள். முதலில் படியுங்கள். பட்டையைப் பாருங்கள். பட்டையின் கோடுகள் நேராக ஓடினால் உள்ளே நாரும் பெரும்பாலும் நேர்; முறுக்கிக்கொண்டு ஓடினால் உள்ளேயும் முறுக்கு. கணு எங்கே, கிளை பிரிந்த இடம் எங்கே என்று சுற்றிப் பாருங்கள். பிறகு வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். மரமே உங்களுக்குப் போட்டுக் கொடுத்த கோடு அது. அந்தக் கோட்டை விட்டு வேறு இடத்தில் அடிப்பது, திறந்த கதவை விட்டுவிட்டுச் சுவரை முட்டுவதற்கு ஒப்பாகும்.

பால்மரத்திலும் ஒரு முரட்டு இடம் உண்டு. ஒட்டுக் கட்டிய மரத்தின் அடியில், ஒட்டுச் சேர்ந்த இடத்தில், யானைக்கால் போல் ஒரு புடைப்பு இருக்கும். அங்கே நார் குழம்பிக் கிடக்கும். பால்வெட்டுக் கத்தி ஆழப் பதிந்து காயம் ஆறி முண்டு முண்டாகத் திரண்ட பட்டைக்குள்ளும் அப்படித்தான். அந்தத் துண்டுகளைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

கருவி நான்கு

ஒரு கோடாலி, இரண்டு இரும்பு ஆப்பு, ஒரு சம்மட்டி, ஒரு பாராங். முரட்டுக் கட்டைக்கு இவை இருந்தால் போதும்.

மரம் வெட்டும் கோடாலி வேறு, பிளக்கும் கோடாலி வேறு. வெட்டும் கோடாலியின் வாய் மெல்லியது. நாருக்குள் ஆழமாக இறங்கிச் சிக்கிக்கொள்ளும். பிளக்கும் கோடாலியின் கன்னம் தடித்தது; இறங்கும்போதே இரண்டு பக்கமும் தள்ளும். இருக்கும் ஒரே கோடாலி மெல்லிய வாய் உள்ளதானால் சின்னத் துண்டுகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பெரியவற்றை ஆப்பிடம் விட்டுவிடுங்கள்.

“பெரிய கோடாலிதான் நல்ல கோடாலி” என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போமா? கோடாலியின் எடை இரண்டு மடங்கானால் அடியின் ஆற்றலும் இரண்டு மடங்காகும். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். தூக்கவே திணறும் கோடாலியைவிட, நீங்கள் தடையில்லாமல் வீசக்கூடிய கோடாலியே அதிகம் பிளக்கும். பெண்களும் வயதானவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காம்பு ஆடினால் அன்றைக்கு வேலை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலர் கோடாலியை இரவெல்லாம் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். காம்பு உப்பி இறுகும். காய்ந்ததும் முன்னிலும் மோசமாக ஆடும். காம்பின் தலையில் ஆப்புச் செருகி இறுக்குவதே சரியான முறை. விரிசல் விட்ட காம்பைக் கம்பி சுற்றிப் பயன்படுத்த வேண்டாம். புதுக் காம்புக்கு ஓடுகிற நார் நேராக இருக்கும் கொய்யாக் கிளை நல்லது.

ஆப்பின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான் போல் விரிந்திருந்தால் அரத்தாலோ சாணைக் கல்லாலோ அதைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். விரிந்த விளிம்பிலிருந்து இரும்புச் சில்லு தெறித்தால் அது தேடிப் போவது கண்ணைத்தான். இதே காரணத்தால், சிக்கிய கோடாலியின் முதுகில் இன்னொரு கோடாலியால் அடிக்கவும் கூடாது. கோடாலி சம்மட்டிக்காகச் செய்யப்பட்டதன்று. கண்ணுக்கு ஒரு கண்ணாடி, காலுக்கு ஒரு கனத்த பூட்ஸ். இரண்டுக்கும் ஆகும் சில வெள்ளிகளைச் செலவு என்று எண்ணாதீர்கள்.

அடிக்கும் முன்

தலைக்கு மேலே பாருங்கள். துணிக்கொடி இருக்கிறதா? ஓங்கிய கோடாலி கொடிக் கம்பியில் மாட்டினால் திரும்பி வருவது உங்கள் தலைக்குத்தான். பின்னால் பாருங்கள். பிள்ளைகள் நிற்கிறார்களா? வேடிக்கை பார்ப்பதென்றால் நாலைந்து பாகம் தள்ளி, உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்கட்டும்.

தரையில் வைத்துப் பிளக்காதீர்கள். கோடாலி மண்ணிலும் கல்லிலும் பட்டு மழுங்கும். முழங்காலுக்குக் கீழ் உயரமுள்ள ஓர் அடிக்கட்டையைப் பீடமாகப் போடுங்கள். பிளக்க வேண்டிய துண்டைப் பீடத்தின் நடுவிலோ உங்கள் பக்கத்திலோ வைக்காமல், எதிர் ஓரமாகத் தள்ளி வையுங்கள். அடி தவறினாலும் கோடாலி பீடத்தில் விழும். உங்கள் முழங்காலுக்கு வராது.

பழைய லோரி டயர் கிடைத்தால் பீடத்தின் மேல் போட்டு, அதற்குள் கட்டையை நிறுத்திப் பிளந்து பாருங்கள். பிளந்த துண்டுகள் சிதறாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒவ்வோர் அடிக்கும் குனிந்து எடுக்கும் வேலை மிச்சம். ஆனால் டயரில் நாலைந்து துளை போட்டுவிடுங்கள். இல்லையேல் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசுவுக்கு வீடாகிவிடும். விறகு கிடைத்தது, டிங்கிக் காய்ச்சலும் கிடைத்தது என்று ஆகக்கூடாது அல்லவா?

கால்களைத் தோள் அகலத்துக்கு அகட்டி நில்லுங்கள். கையை நீட்டிக் கோடாலியின் வாயைக் கட்டை மேல் வைத்துத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ஓங்கி இறக்கும்போது முழங்கால்களை மடக்கி உடம்பையும் தாழ்த்துங்கள். இதுதான் மிக முக்கியம். விறைத்து நின்றால் கோடாலி வில் போல் வளைந்து வரும். தவறினால் வளைவின் முடிவில் இருப்பது உங்கள் கால். உடம்பு தாழ்ந்தால் கோடாலி நேராகக் கீழே இறங்கும். கண்ணைக் கோடாலியில் வைக்காமல், அடிக்க வேண்டிய கோட்டில் வையுங்கள்.

முரட்டுக் கட்டையை வெல்லும் வழி

ஒன்று: குட்டையாக அறுங்கள். பின்னல் நார்க் கட்டை இரண்டடி நீளம் இருந்தால் அது உங்களை வெல்லும். ஓரடி இருந்தால் நீங்கள் அதை வெல்வீர்கள். ரம்பம் கையில் இருக்கும்போதே இதை முடிவு செய்துவிட வேண்டும்.

இரண்டு: பால்மரத்தைப் பச்சையாகவே பிளந்துவிடுங்கள். காய்ந்தால் இறுகிவிடும். கோடாலியில் ஒட்டும் பாலை மட்டும் அவ்வப்போது துடைத்துக்கொள்ளுங்கள். தூங்குமூஞ்சி, அங்சானா போன்றவை பச்சையில் நார் நாராக இழுத்துக்கொண்டு பிரிய மறுத்தால், வெட்டு முகம் வெயிலைப் பார்க்கும்படி இரண்டு மூன்று வாரம் விட்டு வையுங்கள். வெடிப்பு தெளிவாகத் தெரிந்ததும் அந்த வெடிப்பிலேயே தொடங்குங்கள்.

மூன்று: நடுவில் அடிக்காதீர்கள். நம் இளைஞர்கள் செய்யும் பெரிய பிழை இதுதான். பெரிய கட்டையின் நடுவில் அடித்தால் அதன் முழு அகலமும் உங்களை எதிர்த்து நிற்கும். பட்டையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் உள்ளே, விளிம்பையொட்டி அடியுங்கள். அதுவும் உங்கள் பக்கத்து விளிம்பில். எதிர் விளிம்பில் அடிக்கப் போனால் காம்பு கட்டையில் மோதி முறியும். பலகை சீவுவது போல் ஒரு சில்லு பிரியும். கட்டையைச் சற்றே திருப்பி அடுத்த சில்லு. இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால், பலாப்பழத்தைச் சுளை சுளையாக எடுப்பது போல் கட்டை கரையும். மெல்லிய அடுக்குக்குள் நார் பெரும்பாலும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதனால்தான் விளிம்பு இணங்குகிறது. சடையைப் புரி புரியாகப் பிரிப்பது என்றேனே, அது இதுதான். மிஞ்சும் நடுக்கட்டையை அப்படியே விட்டுவிடலாம். அண்டாவுக்கு அடியில் மணிக்கணக்காகக் கனன்று கிடக்க அதுவே ஏற்றது.

நான்கு: ஆப்பை ஜோடியாகப் பயன்படுத்துங்கள். படுத்துக் கிடக்கும் நீண்ட கட்டையானால், வெட்டு முகத்து வெடிப்பில் முதல் ஆப்பைச் சம்மட்டியால் மெல்லத் தட்டி நிறுத்துங்கள். நின்றதும் கையை எடுத்துவிட்டு அடியுங்கள். வெடிப்பு பட்டைப் பக்கம் மேலேறி ஓடும். ஓடிய வெடிப்பில் சற்றுத் தள்ளி இரண்டாம் ஆப்பை இறக்குங்கள். அது வெடிப்பை அகட்டியதும் முதல் ஆப்பு தளரும். அதை எடுத்து இன்னும் முன்னால் இறக்குங்கள். இரண்டு ஆப்பும் மாறி மாறி நடந்து கட்டையின் மறுமுனைக்குப் போய்விடும். ஒரே ஆப்பு வைத்திருப்பவர் அது சிக்கிக்கொண்டால் எதைக் கொண்டு எடுப்பார்? ஆகவேதான் இரண்டு. இடையில் கட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும் நார்களைப் பாராங்கால் அறுத்துவிடுங்கள்.

ஐந்து: கவைக் கட்டையானால், அதாவது கிளை இரண்டாகப் பிரிந்த துண்டானால், இரண்டு கிளைகளின் நடுப்புள்ளியையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். அந்தக் கோட்டின் வழியே பிளவு போகட்டும். இரண்டு கிளைகளுக்கும் நடுவே குறுக்காகப் பிரிக்க முயன்றால் விடியும்வரை அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

“அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்” என்பார்கள். உண்மை. ஆனால் அந்தப் பழமொழியிலும் ஓங்கி ஒரே அடி என்று இல்லை, பார்த்தீர்களா? ஒரே கோட்டில் விழும் பத்து நிதானமான அடி, பத்து இடத்தில் விழும் பத்து ஆவேச அடியைவிட மேல். அடிக்கும்போது ஓசையைக் கேளுங்கள். ‘டங்’ என்று இறுக்கமாக ஒலித்த ஆப்பு, வெடிப்பு உள்ளே ஓடத் தொடங்கியதும் தொனி மாறும்; ‘நறநற’வென்று நார் பிரியும் சத்தம் வரும். அப்போது ஒரு நிமிடம் பொறுங்கள். சில கட்டை தானே பிரிந்துகொள்ளும்.

ஆப்பசைத்த குரங்கு

இந்தக் கதையைப் பள்ளியில் படிக்காத பிள்ளை உண்டா? தச்சர் பாதி பிளந்து ஆப்பு வைத்துவிட்டுப் போன மரத்தில் குரங்கு ஏறி உட்கார்ந்து ஆப்பைப் பிடுங்கியது; பிளவு மூடிக்கொண்டது; குரங்கு மாட்டிக்கொண்டது. பஞ்சதந்திரக் கதை. நாம் சிரித்துவிட்டுப் போய்விட்டோம். ஆனால் அது விறகு பிளக்கிறவனுக்குச் சொன்ன பாதுகாப்புப் பாடம்.

பாதி பிளந்த கட்டை இறுக்கிய பொறி. பின்னல் நார்க் கட்டையானால் இன்னும் இறுக்கமான பொறி. அதன் பிளவுக்குள் விரலை விட்டுப் பிரிக்கப் பார்க்காதீர்கள். ஆப்பைக் கையால் அசைத்துப் பிடுங்காதீர்கள். பசியாறப் போகும்போது பாதிக் கட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலை முடிந்ததும் கோடாலியைப் பீடத்தில் குத்தி நிறுத்தி வைப்பது பார்க்க அழகுதான். ஆனால் அதையும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று: கோபத்தோடு கோடாலியைத் தொடாதீர்கள். வீட்டில் சண்டை போட்டுவிட்டு விறகு பிளக்கப் போகிறவரைப் பார்த்திருப்பீர்கள். குடித்துவிட்டுப் பிளக்கிறவரையும் பார்த்திருப்பீர்கள். இருவருக்கும் கட்டை ஒன்றுதான். அது யார் மேலும் இரக்கம் காட்டாது.

வெட்டுப்பட்டால்

சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். காலோ கையோ, உயர்த்தி வையுங்கள். துணி நனைந்தால் அதைப் பிடுங்காமல் மேலேயே இன்னொரு துணி வைத்து அழுத்துங்கள். காப்பித் தூள், புகையிலை, சாம்பல் எதையும் காயத்தில் வைக்காதீர்கள். நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு இது. காயம் சீழ் பிடிக்க அதுவே காரணமாகலாம். 999க்கு அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இசிவு நோய்த் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டு போங்கள். விரல் நேராக ஐஸில் படக்கூடாது. கண்ணில் சில்லு தெறித்தால் தேய்க்காமல் மூடிக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

பிளந்தால் மட்டும் போதுமா?

பச்சை விறகை அடுப்பில் வைத்தால் அதன் சூட்டில் பெரும் பங்கு விறகிலுள்ள தண்ணீரை விரட்டவே செலவாகிவிடும். அடுப்பு எரியாது, புகை மட்டும் வரும். அந்தப் புகையைக் குடிப்பவர் யார்? நம் தாய்மார்கள்; அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகள். வீட்டுக்குள் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் சிவந்த நம் பாட்டிமாரை நினைத்தால் இந்தக் கணக்கு நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

ஆகவே பிளந்த விறகைத் தரையில் போடாமல் இரண்டு கழிகளின் மேல், காற்றுப் புகும்படி அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம் போடுங்கள். நாலு பக்கமும் சாக்கால் மூடினால் உள்ளே பூசணம் பூக்கும். வெயிலும் காற்றும் நன்றாக இருந்தால் பால்மர விறகு இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். இரண்டு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள். ‘கணீர்’ என்றால் காய்ந்தது. ‘தொப்’ என்றால் ஈரம். எடுக்கும்போது முதலில் ஒரு கம்பால் தட்டிவிட்டு எடுங்கள். பூரானும் தேளும் சில வேளை பாம்பும் அங்கே குடியிருக்கும்.

எல்லாக் கட்டையும் விறகாகாது என்பதையும் மறக்க வேண்டாம். சாயம் பூசிய பலகை, தார் எண்ணெய் ஏற்றிய பழைய ரயில் கட்டை இவற்றைச் சமையலுக்கு எரிக்காதீர்கள். காட்டு ஓரத்து ரெங்காஸ் மரத்தின் பால் பட்டாலே சிலருக்கு உடம்பு கொப்புளிக்கும்; அதன் புகையும் ஆகாது. பெயர் தெரியாத மரமானால் தெரிந்த பெரியவரிடம் கேட்டுவிட்டுக் கோடாலியை எடுங்கள்.

யாரிடம் கேட்பது?

ஒவ்வொரு லயத்திலும் ஒரு பெரியவர் இருப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். திண்ணையில் உட்கார்ந்திருப்பார். திருவிழாக் காலத்தில் இளைஞர்கள் கட்டையோடு மல்லுக்கட்டும்போது, “அப்படி இல்லப்பா” என்று ஏதோ சொல்ல வருவார். “நீங்க சும்மா இருங்க தாத்தா” என்று நாம் அவரை அடக்கிவிடுவோம். அவர் தோளில் பலம் போயிருக்கலாம். ஆனால் எந்த வெடிப்பில் ஆப்பு வைப்பது என்பது அவருக்குத் தெரியும். கணவரை இழந்து, பால்வெட்டிவிட்டு வந்து, தாமே விறகு பிளந்து பிள்ளைகளை வளர்த்த பாட்டிமார்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பலமே வேண்டும் என்றால் அவர்கள் வீட்டு அடுப்பு எப்படி எரிந்திருக்கும்?

இந்தத் தலைமுறை போய்விட்டால் இந்தப் படிப்பும் போய்விடும். தோட்டங்கள் துண்டாடப்படுகின்றன, லயங்கள் காலியாகின்றன, ஆளுக்கொரு திசையில் டவுனுக்குப் போகிறோம். எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடுத்துப் போக முடியாது. ஆனால் கைத்தொழில் அறிவுக்கு லோரி வாடகை இல்லை. தலையில் வைத்து எடுத்துப் போகலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, கட்டை ஒன்று கிடந்தால், ஒரு பெரியவருக்கு நாற்காலி போட்டு நிழலில் உட்கார வையுங்கள். உங்கள் மகனை மட்டுமல்ல, மகளையும் அழைத்து வாருங்கள். முதலில் கட்டையைச் சுற்றிப் பார்த்து, “எங்கே அடிப்பது, ஏன்?” என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். பெரியவர் தலையாட்டிய பிறகு நீங்கள் கோடாலியைத் தூக்குங்கள்.

உங்கள் பக்கத்தில் எந்த மரத்தை எப்படிப் பிளக்கிறார்கள் என்பதை எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் மண் அடுப்பு போடும் முறையைப் பற்றிப் பேசுவோம். அதுவரை காலில் பூட்ஸ் இருக்கட்டும். கையில் நிதானம் இருக்கட்டும்.